செடி பட்ட பாடு விதைக்குத் தெரியுமா?

ஒரு செடியைச் சரியாகத் தண்ணீர் காட்டாமல் வாட விட்டு வளர்க்கிறோம், அது எப்படியோ தம் பிடித்துப் பூத்துக் காய்த்துவிடுகிறது. அந்த விதையை எடுத்து விதைத்தால், முளைக்கும் செடி வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குமா? "தாய் பட்ட கஷ்டம் பிள்ளைக்குத் தெரியாமலா போகும்" என்பார்கள் சிலர். "வாழும்போது வந்த குணம் வாரிசுக்குப் போகாது, பள்ளிக்கூடத்திலேயே படித்தோமே" என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் பாதி சரி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகிறது, ஆனால் பெரும்பாலும் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு. எல்லாச் செடியிலும் இல்லை, எல்லாக் கஷ்டத்துக்கும் இல்லை. அது ஏன் அவ்வளவு சீக்கிரம் அழிந்துபோகிறது என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. 1999இல் சூழலியலாளர் அனுராக் அகர்வாலும் இரண்டு சகாக்களும் காட்டு முள்ளங்கிச் செடிகளை எடுத்து, சிலவற்றின் மேல் முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை விட்டார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். புழு கடித்தால் முள்ளங்கி சும்மா இருக்காது, இலையில் காரமான கந்தகச் சேர்மங்களின் அளவை மாற்றும் (கடுகு, முள்ளங்கி குடும்பத்துக்கே உள்ள அந்த மூக்கில் ஏறும் நெடி இவற்றிலிருந்து வருவதுதான்). இதுவரை புதுசு ஒன்றுமில்லை. அடுத்து, இரண்டு வகைத் தாய்ச்செடிகளின் விதைகளையும் விதைத்து, முளைத்த கன்றுகளின் மேல் புதிதாகப் புழுக்களை விட்டார்கள். கடிபட்ட தாயின் கன்றுகளைத் தின்ற புழுக்கள் மந்தமாகத்தான் வளர்ந்தன. அந்தக் கன்றுகளை அதற்கு முன் ஒரு புழுவும் தொட்டதில்லை!

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் வரும் சண்டைகளில் பாதி இதனால் வருவது. நூறு செடியை வறட்சியில் போட்டு, எண்பது செத்து, தப்பிப் பிழைத்த இருபதின் விதைகளை எடுத்து, "பார், பிள்ளைகள் வறட்சியைத் தாங்குகின்றன" என்று காட்டினால் அது நாம் பேசும் விஷயமே இல்லை. அந்த இருபதும் பிறவியிலேயே தாங்கக்கூடியவை, நாம் அவற்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு அது. நம் கேள்வி வேறு: ஒரே மரபணு உள்ள இரண்டு செடிகளில் ஒன்று கஷ்டப்பட்டு, இன்னொன்று சொகுசாக வளர்ந்து, இரண்டும் சாகாமல் விதை விட்டால், அந்த விதைகளுக்குள் வித்தியாசம் இருக்குமா? தன் மகரந்தத்தாலேயே கருவுறும் அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியை ஆராய்ச்சியாளர்கள் கட்டிக்கொண்டு அழுவதற்கு இது ஒரு காரணம். பல தலைமுறை தன்னோடு தானே சேர்ந்ததில் விதைகள் எல்லாம் கிட்டத்தட்ட அச்சடித்த பிரதிகள் மாதிரி இருக்கும், முளைத்து விதை விட இரண்டு மாதம் போதும். டேன்டேலியன் என்ற மஞ்சள் பூச்செடியின் சில வகைகளில் இன்னும் வசதி, கருவுறாமலேயே விதை வரும், பிள்ளை தாயின் நகல்.

சரி, வித்தியாசம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வழியாகப் போகிறது?

ஒரு அவரை விதையை இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் உரித்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கழன்று வரும் அந்தத் தோல் பிள்ளையினுடையது அல்ல, முழுக்க முழுக்கத் தாயின் உடம்பு. உள்ளே இரண்டாகப் பிளக்கும் தடித்த பருப்பும், நடுவில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும் குட்டி முளையும்தான் பிள்ளை. ஆனால் அந்தப் பருப்பில் இருக்கும் மாவும் புரதமும் தாய் கட்டிக் கொடுத்த சோறு. தானியங்களில் மாவு இருக்கும் முளைசூழ்தசையில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. ஆக, ஒரு விதை என்பது தாய் தைத்த சட்டைக்குள், தாய் கட்டிக் கொடுத்த மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை. தாய் வாடியிருந்தால் மூட்டை சிறுக்கும், தாய் நன்றாக இருந்தால் பெருக்கும், தோலின் தடிமன் மாறும், மூட்டையோடு சேர்த்துச் சில ஹார்மோன்களும் போகும். இதில் மர்மம் எதுவும் இல்லை. தாய்வழித் தாக்கம் என்று இதற்குப் பெயர்.

மர்மம் இல்லை என்பதற்காக இதை அற்பம் என்று நினைத்துவிடக் கூடாது. அராபிடாப்சிஸ் காய் பிடிக்கும் சமயத்தில் குளிராக இருந்தால், அதன் விதைகள் ஆழ்ந்து உறங்கும், லேசில் முளைக்காது. வெயிலில் முற்றிய விதைகள் சீக்கிரம் முளைக்கும். பூக்கும் காலத்தைத் தீர்மானிப்பதில் பேர்போன எஃப்டி என்ற மரபணு, காய்க்குள்ளும் வேலை செய்கிறது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். குளிரில் அதன் வேலை குறையும், அப்போது விதைத்தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கூடும், தோல் இறுகும், விதை தூங்கும். தாய்ச்செடி பருவத்தைப் பார்த்து, "இப்போது எழுந்திருக்காதே" என்று தோலிலேயே எழுதி அனுப்புகிறது. எழுதியது தாயின் திசுவில், எனவே பேத்திக்கு அந்தச் சேதி போகாது. பேத்தியின் தோலைத் தைப்பது மகள்.

இதே மாதிரி இன்னொன்று, அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு மணிப்பூச் செடியில். மரநிழலில் வளர்ந்த தாய்களின் விதைகளையும் வெளிச்சம் விழும் இடைவெளிகளில் வளர்ந்த தாய்களின் விதைகளையும் இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி விதைத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. தாய் வளர்ந்த மாதிரியான வெளிச்சத்திலேயே வளர்ந்த பிள்ளைகள், இடம் மாறியவற்றைவிட 3.4 மடங்கு வெற்றிகரமாக இருந்தன. விதை பெரும்பாலும் தாயின் காலடியிலேயே விழுவதால், தாய் பார்த்த வெளிச்சத்தையே பிள்ளையும் பார்க்கும் என்று பந்தயம் கட்டுவது நல்ல பந்தயம்தான்.

அப்புறம் இரண்டாவது வழி. "எபிஜெனெடிக்ஸ்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள், மேல்மரபியல் என்றும் எழுதுகிறார்கள். டிஎன்ஏவை ஒரு புத்தகம் என்று வைத்தால், இது எழுத்தை மாற்றுவது இல்லை, சில பக்கங்களை நூல் போட்டுக் கட்டி, திறக்க முடியாமல் செய்வது. கட்டும் நூல்களில் முக்கியமானது மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் சி என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணு தொடங்கும் இடத்தில் இது நிறைய ஒட்டினால் பெரும்பாலும் அந்த மரபணு ஊமையாகிவிடும்.

இந்தக் குறி ஒரு செல் இரண்டாகும்போது எப்படித் தப்பிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், அழகான ஏற்பாடு. டிஎன்ஏவில் இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன, ஒன்றில் சி இருந்தால் எதிரில் ஜி இருக்கும். ஓர் இழையில் "சிஜி" என்று இருந்தால், எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் "சிஜி"தான் வரும். ஆக இரண்டு பக்கமும் குறி இருக்கும். செல் பிரியும்போது இழைகள் பிரிந்து, ஒவ்வொரு பழைய இழைக்கும் ஒரு புது இழை சேரும். பழையதில் குறி இருக்கிறது, புதியதில் இல்லை. ஒரு நொதி இந்த அரைகுறை இடங்களைத் தேடிப் போய், பழையதைப் பார்த்துப் புதியதில் குறியைப் போடும். பார்த்து எழுத ஒரு மூலம் இருப்பதால் இந்த வகைக் குறி நெடுநாள் தாங்கும். சிக்கு அடுத்து ஜி வராத சில இடங்களில் எதிர் இழையில் பார்த்து எழுத ஒன்றும் இல்லை. அங்கே பல சமயம் 24 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏக்கள் (டிஎன்ஏவைப் பார்த்து எழுதிய சின்ன நகல்கள்) வந்து "இங்கே போடு" என்று வழிகாட்டினால்தான் குறி திரும்ப விழும். யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய குறி, சொல்வது நின்றால் மங்கிவிடும்.

விலங்குகளைவிடச் செடிகளில் இது தலைமுறை தாண்ட வாய்ப்பு அதிகம் என்பதற்கு இரண்டு காரணம். பாலூட்டிகளில் விந்தும் முட்டையும் ஆகப்போகும் செல்களைக் கரு சின்னதாக இருக்கும்போதே தனியே ஒதுக்கிவிடும், மெத்தில் குறிகளில் பெரும்பகுதியும் துடைக்கப்படும். செடிக்கு அப்படி ஒதுக்கிய பெட்டகம் இல்லை. வெயிலையும் உப்பையும் பூச்சியையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த அதே தளிர்நுனிதான் ஒருநாள் பூவாக மாறும், அந்தப் பூவுக்குள்தான் மகரந்தமும் சூலும் உருவாகும். இரண்டாவது, செடியில் மெத்திலை ஒட்டுமொத்தமாகத் துடைக்கும் பெரிய கழுவல் கிடையாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் அழிக்கும்.

மூட்டை கட்டிக் கொடுத்ததா, குறி போட்டு அனுப்பியதா என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் தந்திரங்கள் எளிமையானவை. ஒன்று, ஒரு தலைமுறையை இடையில் சொகுசாக வளர்த்துவிட்டு, பேரன் பேத்தியைச் சோதிப்பது. இன்னொன்று, கஷ்டப்பட்ட செடியைத் தாயாக வைத்து ஒரு முறை, தந்தையாக வைத்து ஒரு முறை கருவுறச் செய்வது. மகரந்தம் சோற்று மூட்டை எதுவும் கொண்டு வருவதில்லை, எனவே தந்தை வழியாகவும் குணம் போனால் அது மூட்டையால் வந்தது இல்லை. மூன்றாவது, குறி போடும் இயந்திரத்தையே உடைத்துவிட்டுப் பார்ப்பது.

2012இல் வந்த ஒரு ஆய்வு இந்த மூன்றாவதைச் செய்தது. தக்காளியிலும் அராபிடாப்சிஸிலும் புழு விட்டு, அடுத்த தலைமுறையைச் சோதித்தார்கள். கடிபட்ட பெற்றோரின் பிள்ளைகளைத் தின்ற புழுக்கள் மற்றவற்றைவிட 50% வரை சிறுத்திருந்தன. அராபிடாப்சிஸில் இந்தத் தாக்கம் இரண்டு தலைமுறைக்கு நின்றது. குட்டி ஆர்என்ஏக்களைத் தயாரிக்க முடியாத செடிகளில் இதே சோதனையைச் செய்தால் பரம்பரைப் பாதுகாப்பு காணாமல் போனது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற காயச் செய்தியை உணர முடியாத செடிகளிலும் அப்படித்தான். செய்தி இல்லை, குறி இல்லை, பரம்பரை இல்லை.

வறட்சிக்கு, தாவரச் சூழலியலாளர் சோனியா சுல்தானின் குழு பெர்சிகேரியா என்ற களைச்செடியில் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாய் வறட்சியில் வளர்ந்திருந்தால், காய்ந்த மண்ணில் போட்ட பிள்ளைகள் நீளமான வேர்களை விட்டன. 2016இல் அதே குழு, மெத்தில் குறிகளைக் குறைக்கும் ஒரு மருந்தைக் கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. வறட்சித் தாயின் பிள்ளைகளுக்கு இருந்த அந்த அனுகூலம் போய்விட்டது. ஆனால் இதே இனத்தின் ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்றில் முன்பு இதே மாதிரிச் சோதித்தபோது, வறட்சித் தாயின் பிள்ளைகள் இன்னும் நோஞ்சானாகத்தான் வந்தன. ஆக, "செடிகள் கடத்துகின்றன" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் வாக்கியம் எதையும் நம்ப வேண்டாம், எந்தச் செடி என்று கேளுங்கள்.

உப்பு விஷயத்திலும் 2016இல் அராபிடாப்சிஸில் ஒரு நல்ல ஆய்வு வந்தது. உப்பில் வளர்ந்த செடிகளின் பிள்ளைகள் உப்பை மேலும் தாங்கின, ஆனால் இடையில் உப்பில்லாமல் வளர்த்தால் அந்த ஞாபகம் கரைந்துவிட்டது. தாய் வழியாகத்தான் அது பெரும்பாலும் போனது. மகரந்தத்தில் மெத்தில் குறிகளைப் பிடுங்கிப் போடும் ஒரு நொதி காவல் இருப்பதால் தந்தை வழி அடைபட்டிருந்தது, அந்த நொதியைக் குறைத்தபோது தந்தை வழியும் திறந்துகொண்டது. கவனித்தீர்களா? ஞாபகம் தானாக மங்கவில்லை, செடி காசு செலவழித்து ஆள் வைத்து அழிக்கிறது.

நான் முதலில் சொன்ன பிடித்த பகுதி இதுதான். இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் குளிர். அராபிடாப்சிஸின் பல வகைகள் ஒரு நீண்ட குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூக்கும். எஃப்எல்சி என்ற மரபணு பூப்பதைத் தடுத்துக்கொண்டிருக்கும், வாரக்கணக்கில் குளிர் பட்டால் அது மெல்ல மெல்ல மூடப்படும் (இங்கே நூல் டிஎன்ஏ மேலேயே ஒட்டும் மெத்தில் இல்லை, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருளைகளின் மேல் விழும் குறி). குளிர் போய் வசந்தம் வந்து, ஆயிரக்கணக்கான செல்கள் புதிதாகப் பிறந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது. அவ்வளவு உறுதியான ஞாபகம். ஆனால் அடுத்த தலைமுறைக் கரு உருவாகும்போது, குறியை நீக்கும் நொதிகள் வந்து கட்டை அவிழ்த்துவிடும், பிள்ளை தன் குளிரைத் தானே பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாட்டி பார்த்த குளிரை நம்பி, பேத்தி குளிருக்கு முன்பே பூத்துத் தொலைத்துவிடும்.

சோவியத் நாட்டின் வேளாண் ஆராய்ச்சியாளர் லைசென்கோ இந்தக் குளிர் விஷயத்தை வைத்துத்தான் பேர் வாங்கினார் என்பது வேடிக்கை. விதைகளைக் குளிரில் பதப்படுத்தினால் அந்தக் குணம் பரம்பரையாகப் போகும், குளிர்காலக் கோதுமையை வசந்தக் கோதுமையாகவே மாற்றிவிடலாம் என்றார். 1948இல் அரசின் ஆதரவோடு மரபியலையே அங்கே தடை செய்ய வைத்தார், அதற்கு முன்பே அவரை எதிர்த்த தாவர மரபியலாளர் வாவிலோவ் 1943இல் சிறையில் செத்துப்போயிருந்தார். இன்று சிலர் எபிஜெனெடிக்ஸைக் காட்டி "லைசென்கோ சொன்னது சரிதான்" என்கிறார்கள். எனக்கு அதில் பொறுமை இல்லை. செடி விழுந்து விழுந்து அழிக்கும் ஞாபகங்களில் முதல் வரிசையில் இருப்பது அவர் பிடித்துக்கொண்ட அதே குளிர்தான்.

அழிக்காவிட்டால் என்ன ஆகும்? கேடுதான். செடியின் டிஎன்ஏவில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் நிறைய உண்டு, ஒட்டுண்ணி மாதிரி, மெத்தில் குறிகளுக்கு முக்கியமான வேலையே இவற்றைக் கட்டிப்போடுவது. அராபிடாப்சிஸில் அப்படி ஒன்று கடும் வெப்பம் பட்டால் விழித்துக்கொள்ளும். ஜப்பானிய மொழியில் வெந்நீர் ஊற்று என்று பொருள்படும் ஓன்சென் என்ற பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சாதாரணச் செடியில் வெப்பம் தணிந்ததும் அது அடக்கப்பட்டுவிடும், பிள்ளைகளில் புதிய நகல் ஏதும் இருக்காது. 2011இல் வந்த ஆய்வில், குட்டி ஆர்என்ஏ வழி பழுதான செடிகளை வெப்பத்தில் போட்டபோது, அவற்றின் பிள்ளைகளில் ஓன்சென் புதுப் புது இடங்களில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. மெத்தில் குறி மாதிரி இது ஒரு தலைமுறையில் கலைந்துவிடாது, எழுத்தே மாறிவிட்டது.

ஞாபகத்துக்கு வேறு விலையும் உண்டு. நோய்க்கிருமி தாக்கிய அராபிடாப்சிஸின் பிள்ளைகள் அதே மாதிரியான கிருமிகளை நன்றாக எதிர்த்தன, இடையில் ஒரு தலைமுறை நோயில்லாமல் கழிந்த பிறகும். ஆனால் அவையே வேறு வகைப் பூஞ்சைக்கு எளிதாக இரையாயின. ஒரு வாசலில் காவலை ஏற்றினால் இன்னொரு வாசலில் ஆள் குறையும்.

இனிச் சந்தேகங்கள். இந்தத் துறையில் ஆரவாரம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். 2006இல் புற ஊதாக் கதிர் பட்ட செடிகளின் பிள்ளைகளில் டிஎன்ஏ மறுசேர்க்கை (டிஎன்ஏ துண்டுகள் வெட்டி ஒட்டிக்கொள்வது) பல தலைமுறைக்குக் கூடியிருப்பதாக ஒரு பரபரப்பான ஆய்வு வந்தது. மூன்று வருடம் கழித்து வேறொரு குழு பல வகைக் கஷ்டங்களில் திரும்பச் செய்தபோது, அந்த மாற்றம் சின்னதாகவும் ஒரு சீராக இல்லாமலும் இருந்தது. 2013இல் செடி, விலங்கு இரண்டிலும் வந்த ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள், பெற்றோர் பிள்ளையை வரப்போகும் சூழலுக்குத் தயார் செய்வதற்கான சான்று பலவீனமாகத்தான் இருக்கிறது என்றார்கள். வட அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேறு வேறு இடங்களில் பிரிந்து வளர்ந்த ஒரே வம்சத்து அராபிடாப்சிஸ் செடிகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றின் மெத்தில் குறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. சூழல் அவ்வளவு எழுதியிருந்தால் அது தெரிந்திருக்க வேண்டாமா?

குறிகளால் நெடுங்காலம் நிற்கவே முடியாது என்பதும் இல்லை. 1740களில், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், லினேரியா என்ற செடியில் விசித்திரமான பூ ஒன்றைப் பார்த்துத் திகைத்தார். வழக்கமான பூவுக்கு மேல் கீழ் உண்டு, பின்னால் ஒரே ஒரு வால். இதில் ஐந்து பக்கமும் ஒரே மாதிரி, ஐந்து வால். 1999இல் அதே வகைப் பூவை எடுத்து ஆராய்ந்தார்கள். எழுத்தில் காரணமான பிழை எதுவும் இல்லை, ஒரு மரபணுவில் மெத்தில் மண்டிப்போய் அது ஊமையாகியிருந்தது. அந்த ஊமைத்தனம் விதை வழியாகவும் போனது, சில சமயம் ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் குறி கழன்று பழைய பூவைப் பூத்தது. ஆனால் இது ஏதோ கஷ்டத்துக்கு வந்த பதில் என்பதற்குச் சான்று கிடையாது, தற்செயலாக விழுந்த குறி. குறி பரம்பரையாகப் போகலாம் என்பது ஒன்று, கஷ்டம் போட்ட குறி பரம்பரையாகப் போகிறது என்பது வேறொன்று.

தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் இதை நீங்களே பார்க்கலாம். தன்மகரந்தத்தில் காய்க்கும் தக்காளி மாதிரி ஒன்றை எடுங்கள், கலப்பின விதை வேண்டாம், அதன் பிள்ளைகள் தாமாகவே ஆளுக்கொரு விதமாக வரும். ஒரே காயின் விதைகளில் பாதியைத் தண்ணீர் குறைத்தும் பாதியைச் சாதாரணமாகவும் வளர்த்து, விதை எடுத்து, அடுத்த முறை எல்லாவற்றையும் ஒரே மாதிரி காய்ந்த மண்ணில் போட்டு வேரைப் பாருங்கள். ஒரு செடியை வைத்து எதையும் சொல்லாதீர்கள், பக்கத்துக்குப் பத்துச் செடியாவது வேண்டும், தொட்டிகளைக் கலந்து வைக்க வேண்டும். முக்கியமாக, விதைப்பதற்கு முன் விதைகளை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிய தாயின் விதைகள் இலேசாக இருந்தால், கன்றில் நீங்கள் பார்க்கப்போகும் வித்தியாசத்தில் பாதி அந்தச் சோற்று மூட்டையாகத்தான் இருக்கக்கூடும், மீதியைத் தெரிந்துகொள்ள இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.